பாயிரமும் மென்பொருளும்: சஹானாவின் எல்லை பற்றிய ஒரு திறனாய்வு

நூல் செய்யப் புகுவோனுக்கு எதனைக் கூறுவது என்று துணிதல் எளிது. எதனைக் கூறாது விடுவது என்று துணிதலே அரிது. இவ்வருமையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். நூலொன்றின் சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டிய பொருள்கள் எட்டென வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயர், நூற்பெயர் முதலியவற்றோடு எல்லை, யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பவற்றையும் அவற்றுள் அடக்கினார். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென எண்ணியவிடத்தும், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் மூன்றையும் தனித்தனியே வைத்தார். கூறவேண்டியதைக் கூறாது விடுதல் ஒரு குற்றம். வேண்டாததைச் சேர்த்தல் மற்றொரு குற்றம். எடுத்த பொருளை விட்டுப் பிறிதொன்றைப் பெருக்குதல் மூன்றாவது குற்றம். இம்மூன்றிற்கும் இடையே செல்லும் வழி மிக ஒடுங்கியது.

இவ்விலக்கணம் ஏட்டிற்கும் அச்சிற்கும் மட்டும் உரியதன்று. கணினியை இயக்கும் மென்பொருளும் ஒருவகையில் நூலே. அதற்கும் மொழியுண்டு; இலக்கணமுண்டு; எழுதுவோரும் படிப்போரும் உளர். அதன் மூலநிரலை எவரும் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிக்கும் முறையே திறந்த மூலம் எனப்படும். விற்பனைக்கென ஒரு நிறுவனம் ஆக்கும் மென்பொருளின் எல்லையை அந்நிறுவனத்தின் உடைமையாளர் வரைந்துவிடுவர். திறந்த மூல முயற்சியிலோ நிலைமை வேறு. எவரும் வேண்டுகோள் விடுக்கலாம். வேண்டியதைத் தாமே செய்து கொணர்ந்து, 'இதனையும் சேர்த்துக்கொள்க' எனவும் நீட்டலாம். கொடுப்பவர் அன்போடு கொடுக்கிறார். பெறும் பேணுநரோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர். ஏற்பின் சுமை பெருகும்; மறுப்பின் மனக்கசப்பு நேரும். இந்நிலையில் உள்ளே கொள்ளத்தக்கது யாது, வெளியே நிறுத்தத்தக்கது யாது என்பதை எவ்வளவையால் அளப்பது? நம் நாட்டிலே தோன்றி உலகின் பல பாகங்களுக்கும் சென்ற சஹானா என்னும் மென்பொருளை எடுத்துக்கொண்டு, சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை உரைகல்லாக வைத்து, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவிற்கு இரு சாரார் இருவேறு விடை பகர்வர். ஒரு சாரார், ஒவ்வொரு நிரலும் ஒரு பணியையே மேற்கொள்ளுதல் வேண்டும். அதனைச் செவ்வையாகச் செய்தல் வேண்டும் என்பர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆக்கத்திற் பங்குகொண்ட டக்ளஸ் மக்கில்ராய் 1978 இல் இக்கொள்கையைச் சுருங்க எழுதி வைத்தார். பிற்காலத்து வரலாறும் அக்கொள்கைக்குச் சான்று பகர்வதுண்டு. மொசில்லா என்னும் திறந்த மூல முயற்சி ஒருகால் இணைய உலாவி, மின்னஞ்சல், பக்கம் எழுதும் கருவி, உரையாடற் கருவி ஆகிய யாவற்றையும் ஒரே தொகுதியாக வழங்கிற்று. அதனின்றும் உலாவியை மட்டும் பிரித்தெடுத்து 2004 நவம்பரில் வெளியிட்ட பயர்பொக்ஸ் என்பதே மக்களிடம் பெரிதும் பரவிற்று. மறுசாராரோ, பயன்படுத்துவோன் பத்துக் கருவிகளைப் பத்திடத்தில் தேடித் திரிய இயலாது. இடர் வந்த காலத்தில் அதற்குப் பொழுதும் இல்லை. ஆதலின் வேண்டுவன யாவும் ஒரு கூரையின் கீழ் இருத்தலே நன்று என்பர்.

தமிழ் கற்கும் மாணவர்க்கு இவ்விவாதம் புதிதன்று. வீரசோழியமும் தொன்னூல் விளக்கமும் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒரு நூலுள் அடக்கின. யாப்பருங்கலக்காரிகையோ யாப்பொன்றையே எடுத்துக்கொண்டது, தண்டியலங்காரம் அணியை, நம்பியகப்பொருள் அகத்தை, புறப்பொருள் வெண்பாமாலை புறத்தை. நன்னூலின் சிறப்புப் பாயிரம் ஐந்து பொருளையும் பவணந்தியார் கூறப் புகுந்ததாக உரைப்பினும், நமக்குக் கிடைத்திருப்பன எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமுமே. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நம்மவர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு கற்றது நன்னூலையே. எஞ்சிய மூன்றையும் மேற்சொன்ன சிறு நூல்களிடத்தே பயின்றனர். ஐந்தையும் ஒருங்கே கொண்ட நூல்கள் அத்துணைப் பயிற்சி பெறவில்லை. இதனாற் பெறப்படுவது யாது? ஒரு நூல் தன் பொருளிற் குறுகி நிற்றல் குறைபாடு ஆகாது. அது விட்டதைப் பிறிதொரு நூல் ஏற்றுக்கொள்ளுமாயின் அக்குறுக்கமே சிறப்பாகும். ஆயின் நூலுக்கும் நூலுக்கும் இடையே இயைபு வேண்டும். பாயிரத்தில் எண்ணப்பட்ட யாப்பு என்பதற்கு, இந்நூலை முடித்தபின் இந்நூல் கேட்கத்தக்கது என்னும் இயைபு எனவும் உரையாசிரியர் பொருள் உரைத்தமை ஈண்டு நினையத்தக்கது. இயைபில்லாத குறுக்கம் குன்றக் கூறலே.

இனிச் சஹானாவிற்கு வருவோம். 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அடுத்த சில நாள்களுக்குள்ளேயே நம் நாட்டுக் கணினி வல்லுநர் பலர், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் துணையோடு ஒன்றுகூடி, தொண்டாக ஒரு மென்பொருளை எழுதலாயினர். சிங்களத்தில் நிவாரணத்தையும் ஆறுதலையும் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. காணாமற்போனோர் பதிவேடு, உதவி நல்கும் நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, வேண்டுவோரையும் வழங்குவோரையும் இணைக்கும் பதிவேடு ஆகியன அதன் தலையாய உறுப்புகள். யாரைக் காணவில்லை, யார் எங்கே தங்கியுள்ளனர், யாருக்கு என்ன வேண்டும், அதனை யார் கொடுக்கின்றனர் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தருதலே அதன் நுதலிய பொருள் எனலாம். ஓர் இடருக்கென விரைந்து எழுதப்பட்ட அது, பிற இடர்களுக்கும் பயன்படுமாறு 2005 இல் மீளவும் எழுதப்பட்டது. பாகிஸ்தானில் 2005 இல் நேர்ந்த நிலநடுக்கம், பிலிப்பைன்ஸில் 2006 இல் நேர்ந்த மண்சரிவு, இந்தோனேசியாவில் அவ்வாண்டே நேர்ந்த நிலநடுக்கம், ஹெயிட்டியில் 2010 இல் நேர்ந்த நிலநடுக்கம் ஆகியவற்றில் அது துணையாயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கென வழங்கும் விருது, 2006 ஆம் ஆண்டிற்குச் சஹானாவிற்கே கிடைத்தது. சிறிய நாடொன்றின் தொண்டர்கள் ஆக்கியதொன்று இத்துணைத் தொலைவு சென்றமை பெருமைக்குரியது. பெருமைக்குரியதைப் போற்றுதலோடு அமையாது ஆராய்தலும் திறனாய்வாளர் கடன்.

ஆராய்ச்சிக்குச் சப்ரகமுவத் தோட்டங்களைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் மழை மிகுந்த மலைச்சாரல் நிலம். களுகங்கை பெருகினால் இரத்தினபுரி நகர் நீருள் நிற்கும். களனிகங்கை பெருகினால் யட்டியாந்தோட்டைப் பக்கம் அஞ்சும். 2003 மே மாதத்தில் தென்மேற்கு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் இருநூறு பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. அவற்றுள் இரத்தினபுரி இழந்தது பெரிது. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையொன்று சரிந்து ஊர்களை மூடிற்று. அதே மழைக்காலத்தில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும் மண்ணில் அகப்பட்டது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மீண்டும் வெள்ளத்தில் ஆழ்ந்தது. இடர்க்காலப் பதிவேடு எதனையும் இங்கு வைத்துச் சோதித்தல் வீண் கற்பனை ஆகாது.

இம்மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர், நுவரெலியா மாவட்டத்தாரைப் போல நெருங்கி வாழ்வோர் அல்லர். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, தெகியோவிற்றை முதலிய இடங்களைச் சூழ்ந்து, சிங்கள ஊர்களுக்கு நடுவே சிறுசிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்கின்றனர். பதிவாளர், மருத்துவமனை, பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம் ஆகிய இடங்களில் அவர் பெயரும் இருப்பிடமும் பெரும்பாலும் வேற்றெழுத்திலேயே எழுதப்பெறும். இத்தகையோர் ஒருவரைப் பதிவேட்டில் தேடிக் காணல் இயலுமாயின், எவரையும் காணல் இயலும். அதனாலேயே இத்தோட்டங்களை உரைகல் என்றோம்.

முதலில் இருப்பிடத்தை நோக்குக. நாட்டின் நிர்வாக அமைப்பு மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என இறங்கிச் செல்லும். அதன் கீழ்த் தெருவும் வீட்டிலக்கமும் வரும். தோட்டத்தின் அமைப்போ வேறு. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம், காம்பரா என்பதே அங்குள்ளோர் தம் இருப்பிடத்தைக் கூறும் முறை. தனித்தனி வீட்டுக்கெனத் தபால் முகவரி இல்லாமையால், கடிதங்கள் நெடுங்காலம் தோட்டத்து அலுவலகத்திற்கே வந்து அங்கிருந்து கைமாறின. தெருப்பெயரும் வீட்டிலக்கமும் கேட்கும் படிவம் ஒன்றைத் தோட்டத்தார் கையிற் கொடுத்தால், அவர் எதனை நிரப்புவர்? தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவர். அவ்வொரு பெயரின் கீழ்ப் பல டிவிஷன்களும் பற்பல லயங்களும் அடங்கிவிடும். சரிந்தது எந்த லயத்தின் மேலுள்ள மேடு, அங்கே எத்தனை பேர் உறங்கினர் என்னும் வினாவிற்குப் பதிவேடு வாய் திறவாது.

அடுத்துப் பெயர். குடும்பப்பெயர், இடுபெயர் என இரு கட்டங்கள் வரையும் படிவங்கள் தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கிற்குப் பொருந்துவன அல்ல. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருத்தலும் இயல்பு. எழுத்து மாற்றம் இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. கணேசன், கந்தையா என்னும் இரு பெயர்க்கும் தமிழில் முதலெழுத்தினம் ஒன்றே. சிங்களத்திலும் உரோமன் எழுத்திலும் ஒலிக்கேற்ப அவை வெவ்வேறு எழுத்துப் பெறும். எழுதுபவர் செவிக்கு எட்டியவாறு ஒரே பெயர் மூன்று விதமாகப் பதிவாதல் கூடும். ஒலியொப்புமையாற் பெயர் தேடும் முறைகளுள் மிகப் பழையதாகிய சவுண்டெக்ஸ் 1918 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. அஃது ஆங்கில வழக்கிற் பெயர் ஒலிக்கும் முறையை அடியாகக் கொண்டது. பெயரின் முதலெழுத்தை மாற்றாது அப்படியே நிறுத்தி, எஞ்சியவற்றையே எண்ணாக்குவது. முதலெழுத்தே மாறும் நம் பெயர்களிடத்து அது தொடக்கத்திலேயே தவறும்.

இப்பொழுது ஒரு கருத்துநிலை வழக்கை முன்வைப்போம். இத்தகைய பதிவேட்டு மென்பொருளின் பேணுநரிடம் சப்ரகமுவத் தோட்டமொன்றின் சார்பில் ஐந்து வேண்டுகோள்கள் வருகின்றன எனக் கொள்க. டிவிஷன், லயம், காம்பரா என்பவற்றைப் பதிய இடம் வேண்டும் என்பது முதலாவது. தமிழ், சிங்களம், உரோமன் ஆகிய மூவகை எழுத்திலும் ஒரு பெயரைத் தேடிக் காண வழி வேண்டும் என்பது இரண்டாவது. மழையை அளந்து மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பகுதி வேண்டும் என்பது மூன்றாவது. இடரால் வேலை இழந்த நாள்களின் சம்பளத்தைச் செக்ரோலோடு ஒத்துப்பார்க்கும் பகுதி வேண்டும் என்பது நான்காவது. முகாமிலுள்ளோரின் இனம், மதம், தொழிற்சங்கம் ஆகியவற்றையும் பதிய வேண்டும் என்பது ஐந்தாவது. இவ்வைந்தையும் எவ்வாறு தீர்ப்பது?

ஒரே பணி என்னும் கொள்கையை எழுத்தளவிற் பற்றுவோர் ஐந்தையும் மறுத்தல் கூடும். லயமும் காம்பராவும் ஒரு சிறு நாட்டின் ஒரு மூலைக்குரிய சிறப்பு வழக்கு என்பர். யாவும் ஒரு கூரையின் கீழ் என்போர் ஐந்தையும் ஏற்றல் கூடும். இரு தீர்ப்பும் பிழையே. பணியின் எல்லை வேறு. அப்பணிக்கு உரிய மாந்தரின் எல்லை வேறு. பாயிரமும் நுதலிய பொருளைக் கேட்போரோடு கலவாது தனித்தனியே எண்ணிற்று. ஒரு மென்பொருள் தன் பணியிற் குறுகலாம்; குறுகுதலே நன்று. ஆயின் அப்பணி யாருக்கென மேற்கொள்ளப்பட்டதோ அவருள் ஒரு சாரார் எண்ணிக்கையினின்று நழுவிப்போகுமாறு குறுகுதல் ஆகாது. பணியிற் குறுகுக, ஆளிற் பெருகுக என்பதே நாம் வேண்டும் அளவை.

இவ்வளவையால் நோக்கின், முதல் வேண்டுகோள் உள்ளே வரவேண்டியது. காணாமற்போனோரைத் தேடுதல் நுதலிய பொருளாயின், ஒருவர் வாழ்ந்த இடத்தைக் கூற வழியின்மை அப்பொருளையே குன்றச் செய்கிறது. இஃது ஒரு மூலையின் சிறப்பு வழக்கும் அன்று; முகவரியின்றி வாழ்வோர் உலகெங்கும் உளர். ஆயினும் லயம் என்னும் சொல்லையே நிரலுக்குள் பதித்துவிடுதல் நேரிய வழி ஆகாது. இடநிலைகள் இத்தனை, அவற்றின் பெயர் இன்னவை என்பதை அந்தந்த நாட்டார் அமைத்துக்கொள்ளுமாறு பொதுவிதியாக்குதலே தக்கது. சஹானாவின் பிற்கால வடிவமாகிய ஈடன் இவ்வாறே செய்தது. நாட்டின் கீழுள்ள நிலைகளை அவ்வந்நாட்டு வழக்கிற்கேற்பப் பெயரிட்டுக்கொள்ள அஃது இடமளித்தது. இலக்கண ஆசிரியர் விதிகளைக் கூறி முடித்தபின் கூறாதவற்றைத் தழுவிக்கொள்ளப் புறனடை ஒன்று வைப்பது போன்றது இது. சிறப்பு வழக்கு ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்தால் நூல் வீங்கும். புறனடை வைத்தால் நூலும் சுருங்கும், வழக்கும் வாழும்.

இரண்டாவது வேண்டுகோள் பயனால் உள்ளே உரியது. ஆக்கத்தால் வெளியே உரியது. பெயர்களை எழுத்து மாற்றி ஒப்புநோக்கும் வேலை, பள்ளி, வங்கி, மருத்துவமனை ஆகிய யாவற்றுக்கும் வேண்டுவது. அதனைத் தனி நூலாக ஆக்கிப் பலரும் பேணுதலும், பதிவேடு அதனை அழைத்துப் பயன்கொள்ளுதலும் சாலும். காரிகை கற்போன் எழுத்திலக்கணத்தை நன்னூலிற் கற்று வருவது போன்றதே இது. இயைபு என்னும் யாப்பு இங்கே பணிபுரிகிறது.

மூன்றாவது வேண்டுகோளை மறுத்தல் வேண்டும். மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து எச்சரிப்பது இந்நாட்டில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. நிலவியல் அறிவும் மழைமானிகளும் அதற்கு வேண்டும். பதிவேடு அவ்வெச்சரிக்கையைப் பெற்று உரியவர்க்குக் காட்டலாமேயன்றித் தானே எச்சரித்தல் தகாது. பிழையான எச்சரிக்கை ஒன்று உயிரோடு விளையாடுவதாகும். நான்காவதும் மறுக்கத்தக்கது. சம்பளக் கணக்கு நியாயமான தேவையே. ஆயினும் அது மற்றொன்று விரித்தல். தேவையின் நியாயம் ஒன்று, அது நிறைவேறவேண்டிய இடம் மற்றொன்று.

ஐந்தாவது வேண்டுகோள் எல்லாவற்றினும் நுண்ணியது. எதனைச் செய்வது என்பது போலவே எதனைக் கேட்பது என்பதும் எல்லை பற்றிய வினா. சஹானா தோன்றிய காலம் நம் நாட்டில் உள்நாட்டுப் போர் முற்றும் ஓயாத காலம். இடம்பெயர்ந்தோர் யார், அவர் எங்கே உறங்குகின்றனர், எவ்வினத்தவர் என்னும் பட்டியல் நல்லோர் கையில் நிவாரணமாகும். தீயோர் கையில் ஆயுதமாகும். தோட்டங்களில் வாழ்வோர் இனக்கலவரங்களைக் கண்டவர். பட்டியலின் ஆற்றல் யாதென அவர்க்குப் பிறர் கூறவேண்டியதில்லை. ஒருவரைத் தேடிக் காணவும் அவர்க்கு உணவும் மருந்தும் அளிக்கவும் வேண்டாத எதனையும் பதிவேடு கேளாதிருத்தலே அறம். இங்கே மிகைபடக் கூறல் நடைக்குற்றத்தின் அளவில் நில்லாது, மக்களுக்குத் தீங்காகவே முடியும்.

நாம் கொண்ட அளவைக்கு மென்பொருளின் புறத்தேயும் சான்று உண்டு. சட்டமும் ஒருவகை நூலே. அதன் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதில் வாழ்வே அடங்கியிருந்ததைத் தோட்டமக்கள் அறிவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் என்னும் சொல்லுக்கு வெளியே நிறுத்திற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோரின் நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018 இல் வந்த திருத்தமே அத்தடையை நீக்கிற்று. வீதியமைத்தலும் விளக்கிடுதலும் சபையின் பணி என்பதில் எவர்க்கும் ஐயமிருக்கவில்லை. பணியின் எல்லை தெளிவாகவே இருந்தது. மாந்தரின் எல்லையே குறுகிற்று. மென்பொருள் எழுதுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. படிவத்தில் ஒரு கட்டம் இல்லாமை சிறு பொருளாகத் தோன்றலாம். அக்கட்டத்தில் வாழ்வோர்க்கு அது சிறு பொருள் அன்று.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். திறந்த மூலத்தில் எவரும் எதனையும் தடுப்பதில்லையே. மறுக்கப்பட்டவர் நிரலின் படியொன்றை எடுத்துத் தமக்கு வேண்டியவாறு கிளைபிரித்துக்கொள்ளலாமே என்பர். இவ்வுரிமை பெரிது, அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் உரிமை வேறு, அதனைச் செலுத்தும் ஆற்றல் வேறு. நிரல் எழுதுவோரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தவல்ல நகரமும் நிறுவனமும் கிளைபிரித்துக்கொள்ளும்; விடியலிற் பெரட்டுக்குச் சென்று மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பும் தொழிலாளி எவ்வாறு கிளைபிரிப்பாள்? 'வேண்டுமாயின் நீரே எழுதிக்கொள்க' என்னும் விடை, எழுத வல்லார்க்கு விடுதலை. எழுத இயலாதார்க்குக் கதவடைப்பு. ஆதலின், தாமே எழுதிக்கொள்ள ஆற்றலற்றோரின் வேண்டுகோளைப் பேணுநர் தாமே முன்வந்து தேடிக் கேட்டல் வேண்டும். வந்த வேண்டுகோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு தேவையை அளத்தல் தவறு. வாராத வேண்டுகோளே சிலவிடத்துப் பெரிய தேவையாகும்.

பேணுநரின் பக்கத்தையும் நடுவுநிலையோடு நோக்குதல் முறை. ஒரு பகுதியைச் செய்து கொடுப்பவர் ஒருநாள் உழைத்துச் செல்வார். அதனைப் பழுது நீக்கிப் பாதுகாத்து, ஏனைய பகுதிகள் மாறுந்தோறும் அதனையும் மாற்றி வருவோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும். நட்டவர் ஒருவர், நீர் வார்ப்பவர் மற்றொருவர் என்றால் தோப்பு நிலைக்காது. ஆதலின் நல்ல வேண்டுகோளாயினும், பேண ஆளில்லாதவிடத்து மறுத்தலே நேர்மை. உள்ளே வந்தவற்றையும் காலந்தோறும் களைதல் வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாது விட்டால் அது மரமாய் ஓங்கும். கொழுந்து கைக்கு எட்டாது. சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டுவதனாலேயே அது பயன் தருகிறது. மறுப்பும் களைதலும் அன்பின்மையால் எழுவன என்று கருதற்க.

இனிச் சஹானாவின் பிற்கால வளர்ச்சியை மதிப்பிடுவோம். 2009 இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை நிறுவப்பட்டது. அக்காலத்தையொட்டி அது இரு கிளையாயிற்று. பழைய நிரலின் வழிவந்தது அகஸ்தி எனப் பெயர்பெற்று, நியூயோர்க் நகரின் புகலிட ஏற்பாட்டிற்கும், மருத்துவமனை சார்ந்த ஆள்தேடலுக்கும் உரியதாய் வளர்ந்தது. வேறொரு நிரல்மொழியில் எழுந்த ஈடனோ தொண்டர், பண்டகசாலை, உடைமைகள், செயற்றிட்டங்கள், மருத்துவமனைகள் எனப் பல உறுப்புகளைக் கொண்டு விரிந்தது. ஆசிய நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களின் வளநிர்வாகத்திற்கும் பயன்படலாயிற்று. இது மற்றொன்று விரித்தலா? முழுதும் அவ்வாறு கூறல் நேர்மையாகாது. ஒவ்வோர் உறுப்பையும் வேண்டியவிடத்து இணைக்கவும் வேண்டாவிடத்து நீக்கவும் வகை செய்திருந்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் கேட்போர் மாறினர் என்பதை மறுக்கவியலாது. தொடக்கத்தில், காணாமற்போன மகளைத் தேடும் தாய் கேட்போருள் முதல்வியாக இருந்தாள்; பிற்பட்ட உறுப்புகள் பலவற்றில் நிறுவனத்தின் அலுவலரே முதல்வராயினர். நிறுவனத்திற்குப் பணம் உண்டு, தாய்க்கு இல்லை. எல்லையை வகுக்கும் கை தெரிந்தோ தெரியாமலோ பணமுள்ள பக்கம் சாயும் என்பதற்கு இது பொதுவானதோர் எடுத்துக்காட்டு. குற்றமாக இதனை எடுத்துரைக்கவில்லை, விழிப்பிற்குரியதாகவே குறிக்கிறோம்.

ஆள்தேடுதலைப் பிறர் எடுத்துக்கொண்ட முறையும் இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவில் 2005 இல் கத்ரீனாப் புயலின்பின், காணாமற்போனோர் பற்றிய பட்டியல்கள் பற்பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று பரிமாறுதற்கெனப் பொதுவானதொரு தரவு வடிவத்தைத் தொண்டர் சிலர் வகுத்தனர். 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது கூகிள் நிறுவனத்தார் ஆளைத் தேடுதல் ஒன்றையே பணியாகக் கொண்ட கருவியை அவ்வடிவத்தை அடியாகக் கொண்டு அமைத்தனர். பொதுவடிவம் ஒன்று இருந்தமையாலேயே பணியைப் பிரித்துக்கொள்ளல் இயன்றது. வெளியே விடுவதற்குரிய துணிவு, வெளியேயுள்ளதோடு பேசும் மொழி இருந்தால் மட்டுமே வரும். ஆயினும் அப்பொதுவடிவத்திலும் லயத்திற்கு இடமுண்டா, தந்தை பெயருக்கு இடமுண்டா என்னும் நம் வினா மாறாது நிற்கும். மாந்தரின் எல்லையைப் பற்றிய பொறுப்பு, பணியைப் பிறரிடம் ஒப்படைப்பதால் ஒழிந்துவிடாது.

முடிவாகக் கூறுவன சில. திறந்த மூல முயற்சி ஒவ்வொன்றும் தனக்கெனப் பாயிரம் ஒன்றை வெளிப்படையாக எழுதி வைத்தல் வேண்டும். அதில் நுதலிய பொருள் ஒரு வாக்கியத்தில் அடங்குக. கேட்போர் யாவர் என்பது விரிவாக எழுதப்படுக. அவருள் தாமாக வந்து கேளாதோர் யார் என்பதும் எழுதப்படுக. எந்நூலோடு இயைவது, எதனை எவரிடம் விடுவது என்பது யாப்பின்கீழ் வருக. கூறாதவற்றிற்குப் புறனடை ஒன்று நிற்க. இவற்றை எழுதியபின் வரும் மறுப்பு எவரையும் புண்படுத்தாது. இசைவும் எவர்க்கும் சலுகையாகத் தோன்றாது.

நம் கல்லூரிகளிற் கணினி பயிலும் மாணவர் பலர் இன்று இத்தகைய முயற்சிகளில் தொண்டாற்ற வல்லவர். அவருள் தோட்டங்களிலிருந்து வந்தோரும் உளர். அவர் கொண்டுசெல்லத்தக்க பெருந்தொண்டு புதியதோர் உறுப்பை எழுதிச் சேர்ப்பதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாம் பிறந்த லயத்தின் முகவரி எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று கேட்டு, அடங்காதவிடத்து அதனைப் பேணுநர்க்கு அமைதியாக விளக்கி, பொதுவிதியாக அதனைத் திருத்தித் தருதலே அவர்க்கேயுரிய தொண்டு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மழை மீண்டும் பெய்யும். அந்நாளிற் பதிவேட்டைத் திறப்போர்க்கு ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு காம்பராவும் கிட்டுமாயின், அம்மென்பொருளின் எல்லை செவ்விதின் வகுக்கப்பட்டது எனத் துணியலாம்.